கை தட்டிய இடம்

“டேய், ‘நீ என் வயித்துல பொறந்த புலிடா’ன்னுதான் அம்மாக்காரி சொன்னா. என் ரெண்டு காதாலயும் கேட்டேன்!”

“உன் காதக் கழட்டிப் பால் வாளியில போடு. ‘குலத்தக் கெடுத்திட்டியேடா பாவி’ன்னு அழுவுறா. வாய் அசைஞ்சதப் பார்த்தேன்லா!”

ரப்பர் பால் ஸ்டோர் வாசலில் நிறுவைக்காக வரிசையில் நின்ற தங்கராஜுவுக்கும் ஆறுமுகத்துக்கும் மூன்று நாளாக இதே சண்டைதான். மலாயாவில் லாபு பக்கத்து அந்தத் தோட்டத்துக்குக் கம்பிவேலி போட்டு இரண்டு வருஷமாகிறது. அதற்குள் வந்த ஒரே தமிழ்ப் படம், போன சனிக்கிழமை சாயங்காலம் மைதானத்தில் துணி கட்டிக் காட்டியதுதான். காட்டினவர்கள் கரண்டு மிஷினைத் திரைக்குப் பக்கத்திலேயே வைத்துத் தொலைத்தார்கள். பாட்டு பாதி காதில் விழுந்தது, பேச்சு கால்வாசி விழுந்தது. மிச்சமெல்லாம் மிஷின்தான்.

“மிஷின விடுய்யா,” என்றான் ஆறுமுகம். “கடைசி ரீல்ல கதவச் சாத்திட்டு நம்ம ஆளு அந்தப் பண்ணையாரச் சுட்டான் பாரு, டுமீல் டுமீல்னு! அதுக்குச் சனம் தட்டுன தட்டுல அம்மா பேசுனது எவனுக்குக் கேக்கும்?”

“எனக்குக் கேட்டுச்சுலா!”

பால் வாளியோடு பின்னால் நின்ற தாயம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீடு பற்றி எரியும்போது பீடிக்கு நெருப்புக் கேட்டானாம் ஒருத்தன். அவள் புருஷன் மாயாண்டியைக் காணாமல் மூன்று நாள். இவன்களுக்கு வசனம் கேட்கிறது, வசனம்! கட்டையில் போக!

அன்றைக்கு அவளும் அவனும் பிள்ளைகளோடு ஒரே பாயில் உட்கார்ந்துதான் படம் பார்த்தார்கள். கடைசி ரீல் மாட்டும்போது அவன் எழுந்தான். “பசு இன்னும் வரல புள்ள. சினை மாடு. ஒரு எட்டுப் பார்த்துட்டு ஓடியாந்துடுறேன்.” ஊரடங்கு நேரம், வேலியில் துப்பாக்கிக் காவல், வேண்டாம் என்று கையைப் பிடித்தாள். கேட்டால்தானே? வேலியின் அடியில் புகுந்து போனான்.

விடிந்ததும் பசு தானாக வந்து நின்றது. மாயாண்டி வரவில்லை.

காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளோடு அவன் சேர்ந்துவிட்டான் என்று ஆபீஸில் முடிவு கட்டிவிட்டார்கள். அப்படிப்பட்டவன் குடும்பம் வேலிக்குள் இருக்கக் கூடாதாம். வெள்ளிக்கிழமைக்குள் லயத்து வீட்டைக் காலி பண்ண வேண்டும். மூன்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எந்த மரத்தடிக்குப் போவாள்?

அவள் முறை வந்தது. வாளியை இறக்கிவைத்தவள், நிறுவை மேசையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துக் கிராணி சிவசிதம்பரத்தைக் கும்பிட்டாள்.

“ஐயா, அவரு காட்டுக்குப் போற ஆளு இல்லீங்க. ஒரு மாட்டுக்காகப் போனாருங்க. வேலிக்கு அந்தாண்ட அவருக்கு என்னமோ ஆயிருச்சு. நல்லாத் தேடச் சொல்லுங்கய்யா.”

கிராணி கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் மேலே இருந்து வந்த கடிதத்துக்குக் கீழே ஒரு மனசு இருக்கிறது என்று காட்டிக்கொள்ள அவருக்குப் பயம்.

“தாயம்மா, நான் அண்டைக்குச் சிரம்பான் தெமியாங்கில அண்ணன் வீட்டில நிண்டனான். ஆனால் வேலிக் காவல்காரர் ஒண்டும் நடக்கேல்லை எண்டு கையெழுத்துப் போட்டுக் குடுத்திட்டினம். நீயே யோசிச்சுப் பார். மைதானத்தில முந்நூறு சனம் இருந்தது. ஏதும் நடந்திருந்தால் ஒருத்தருக்காவது கேட்டிருக்காதோ?”

அவளும் அங்கேதானே இருந்தாள். அவளுக்கும்தான் ஒன்றும் கேட்கவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு விம்மினாள்.

கிராணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நிறுவை முடிந்தும் அங்கேயே நின்ற தங்கராஜுவுக்கு அதுவே வசதியாகப் போயிற்று.

“கிராணி ஐயா, நீங்க இந்தப் படத்தச் சிரம்பான் கொட்டகையில பார்த்தீங்கதானே? நீங்களே ஒரு தீர்ப்பு சொல்லிடுங்க. நம்ம ஆளு பண்ணையாரச் சுட்டதும் அம்மா என்னாதான் சொன்னா?”

தாயம்மாவின் அழுகையிலிருந்து தப்பிக்க ஒரு வழி கிடைத்த சந்தோஷம் கிராணிக்கு. பேனாவைக் காதில் செருகிக்கொண்டு நிமிர்ந்தார்.

“ரெண்டு தரம் பார்த்தனான். ஒரு சொல்லும் தப்பாமல் சொல்லுவன். தாய் வாசல்ல நிண்டு, ‘வீட்டுக்கு வா ராசா’ எண்டு மெல்லமாச் சொல்லுவா. அவ்வளவுதான்.”

“புலியும் இல்ல, பாவியும் இல்லியா!” என்று ஆறுமுகம் சிரித்தான். “அப்ப, சுட்டதுக்கு அவ ஒண்ணுமே சொல்லலியா?”

“ஆரடா சுட்டது? உள்ளுக்க ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சுச் சமாதானமாகினம். சும்மா கதை விடாதேங்கோ. அந்தப் படத்தில துப்பாக்கியே இல்லை. ஒரு வெடிச் சத்தமும்...”

கிராணி வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். தங்கராஜு தலையைக் குனிந்துகொண்டான்.

தாயம்மா தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தாள்.

“கேட்டுச்சுய்யா,” என்றாள். “முந்நூறு பேருக்கும் கேட்டுச்சு. நானும்தான் கை தட்டுனேன்.”