முதல் கோப்பை இலவசம்

முத்திருளன் தோளில் கிடந்த துண்டை எடுத்து பெஞ்சைத் துடைத்தார்.

“உக்காருங்க தம்பி. கோட்டு அழுக்காயிரும்னு பாக்காதீக.”

“நின்னாத்தாண்ணே கை ஓடும்” என்றான் மருதமுத்து. மாட்டுவண்டியின் பின்பலகையை இறக்கி, அதன் மேல் ஸ்டவ்வை வைத்துக் காற்றடிக்கத் தொடங்கினான்.

அந்த ஊரில் மளிகைக்கடை ஒன்றுதான். அது முத்திருளனுடையது. சுற்றுப்பட்டு ஊர்க் கடைகளெல்லாம் அவருடைய பங்காளிகளும் சம்பந்திகளும் வைத்திருந்தவை. அவர் தலையாட்டினால் நாகமலைக்குத் தெற்கே அத்தனை கடையிலும் ‘கொண்டைக்குருவி மார்க்’ தேயிலை ஏறிவிடும். இந்தப் பக்கத்தைப் பிடித்துக் கொடுத்தால் மதுரை ஆபீசில் நாற்காலி என்று தேயிலைக் கம்பெனி முதலாளி மருதமுத்துவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பிறகு வண்டியோடு ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை.

“காப்பி குடிக்கிற மதுரையில டீய வித்துப்புட்டாரே உங்க முதலாளி. எப்படிய்யா?” என்று கேட்டார் முத்திருளன்.

இந்தக் கேள்விக்கு ஒவ்வோர் ஊரிலும் சொல்லும் கதை மருதமுத்துவிடம் இருந்தது. சித்திரைத் திருவிழாவில் ஆற்று மணலில் அடுப்பு மூட்டி, முதலாளி தன் கையாலேயே டீ கொடுத்தார். காசு வாங்கவில்லை. வந்தவர் யாரென்றும் பார்க்கவில்லை. கோப்பையை இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினார்.

“தேயிலை எவன்கிட்டயும் கிடைக்கும், கையில குடுக்குற மரியாதை நம்மகிட்ட மட்டும்தான்னு சொல்லுவாரு. எங்களுக்கு அவரு சொல்லிக்குடுத்த யாவாரமே அம்புட்டுத்தாண்ணே.”

முத்திருளன் அருகிலிருந்த பக்கத்து ஊர்க் காசிமாயனைப் பார்த்தார். “கேட்டுக்க மாப்ள. நீயும்தான் கடை வச்சிருக்க. வாரவன எரிக்கிற மாதிரி பாக்குற.”

“எங்கடைக்கு வாரது ஈயும் எறும்பும்தான் மாமா. அதுகளுக்கு எப்படிக் கையில குடுக்குறது?”

சிரிப்புக்கு நடுவே பீங்கான் கோப்பைகள் கை மாறின. காசிமாயன் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். “கசக்குது. ஆனா இன்னொரு வாய் கேக்குதே!” என்று கோப்பையை மறுபடி நீட்டினான்.

“தம்பிக்கு எந்த ஊரு? யாரு வகையறா?” என்றார் முத்திருளன்.

மருதமுத்து ஸ்டவ்வுக்கு இன்னும் கொஞ்சம் காற்றடித்தான். அது இரைந்தது.

“சின்னதுலயே மதுரைக்கு வந்துட்டேண்ணே. படிப்பெல்லாம் அங்கனதான்.”

முத்திருளன் அதற்கு மேல் கேட்கவில்லை. படித்த பிள்ளை, கோட்டுப் போட்ட பிள்ளை.

அந்நேரம் வயலிலிருந்து சில பெண்கள் கரையேறி வந்து, எட்டத்தில் நின்ற புளியமரத்தடியில் ஒதுங்கினார்கள். மருதமுத்து நிமிர்ந்து பார்த்தான். தொப்பியை நெற்றிக்கு இறக்கிக்கொண்டான்.

“அசலூரு ஆளுக. களையெடுக்கக் கூட்டியாந்திருக்கேன்” என்றார் முத்திருளன். “அவளுகளுக்கும் ஊத்துங்க தம்பி. பழகிட்டாளுகன்னா நாளைக்கு அவளுகளுந்தான் வாங்கப் போறாளுக.”

மருதமுத்துவின் கை கோப்பைக்குப் போனது.

“கோப்பையிலயா?” என்றான் காசிமாயன். “அப்புறம் நாங்க எதுல குடிக்கிறதாம்?”

“விடு மாப்ள. பட்டணத்துல இருக்கவுக, தெரியாம எடுத்துட்டாக.” முத்திருளன் வேலிப் பக்கம் கை காட்டினார். “அந்தா தேங்காச் சிரட்டை சொருகிக் கிடக்கு தம்பி. அவளுகளே எடுத்துக் கீழ வப்பாளுக. ஒசக்க இருந்து ஊத்துங்க. கையில மட்டும் குடுத்துராதீக.”

“அண்ணே, எங்க முதலாளி...”

“உங்க முதலாளிக்கு எங்க ஊரு தெரியுமா?” முத்திருளன் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். “சரக்கு எங்கடையில ஏறணுமா, வேணாமா?”

மருதமுத்து கெட்டிலைத் தூக்கினான்.

முதலில் வந்தவள் வயதானவள். சிரட்டையைத் தரையில் வைத்துவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தாள். அவன் குனியாமல் ஊற்றினான். பாதி சிரட்டையில் விழுந்தது. பாதி மண்ணில் விழுந்து அவள் பாதத்தில் தெறித்தது. சூடு பட்டும் அவள் காலை இழுக்கவில்லை. தொப்பிக்குக் கீழே அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவனுக்குக் காதுமடல் எரிந்தது. இதை முதலாளி பார்த்தால் என்ன நினைப்பார் என்று யோசித்தான். அப்படி யோசிப்பது கொஞ்சம் சுலபமாக இருந்தது.

“என்ன கெழவி, தம்பிய அப்படி வெறிக்கிற? முன்னப்பின்ன பாத்திருக்கியா?” என்று அதட்டினார் முத்திருளன்.

“நான் எங்கிட்டுச் சாமி பாத்தேன்? இம்புட்டு ஒசரத் தொப்பிய இன்னைக்குத்தான் பாக்குறேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். முத்திருளனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“சரி தம்பி, ரெண்டு பெட்டி எறக்குங்க. பங்காளிகளுக்கும் நானே சொல்லிவிடுறேன்.” இடம் ஒதுக்க அவர் கடைக்குள் போனார். காசிமாயனும் பின்னாலேயே போனான்.

கிழவி சிரட்டையில் இருந்ததை ஒரே மூச்சில் குடித்தாள். அதை மறுபடி தரையில் வைத்தாள். மருதமுத்து கடை வாசலைத் திரும்பிப் பார்த்தான்.

குனிந்தவள் நிமிராமலே, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

“ஒன் ஆத்தானு காட்டிக்கிட மாட்டேன்டா. பயப்படாம ஊத்து.”