நாலாவது நாவல்

"சமையல்காரன்தான் கொலை பண்ணினான்னு அஞ்சாம் அத்தியாயத்துலயே சொன்னேனா இல்லையா?" என்றார் வேதாந்தம், படுத்தபடியே.

இரண்டு கண்ணிலும் கட்டு. புரை எடுத்து ஆறு நாள் ஆகியிருந்தது. எழுபத்திரண்டாம் வருஷத்துச் சித்திரை வெயிலைத் தள்ள, கச்சேரி ரோடு லெண்டிங் லைப்ரரியிலிருந்து நாவல்கள் எடுத்து வந்து வாசித்துக் காட்டினாள் மருமகள் சூடாமணி. தீர்ப்புச் சொல்வது மாமனார்.

"சரித்திர நாவல்ல ராஜா பேசறதைவிடக் குதிரை ஓடறதுதான் ஜாஸ்தி. பேய்க் கதை நன்னாத் தூங்க வெச்சுது. இன்னிக்கு என்ன?"

"குடும்பக் கதைப்பா."

"ஒரே அழுகையா இருக்குமே! சரி, வாசி. தபால் வந்துதா?"

"வந்தது. புதுசா ஒண்ணும் இல்லை."

மெல்லிய தாள் சரசரத்தது. சூடாமணி வாசிக்கவில்லை, சுருக்கிச் சொன்னாள்.

"ஒரு பொண்ணு. ஆம்படையான் நாக்பூர்ல. வீடு பார்த்துட்டு அழைச்சுக்கறேன்னு சொல்லி மூணு வருஷமாறது. அங்கே அவனுக்கு வேற ஒருத்தியும் ஒரு குழந்தையும் இருக்கா. மாமனாருக்குத் தெரியும். இவளுக்குத் தெரியாது."

வேதாந்தத்துக்கு சூடாமணி முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது. தலையை அசைக்கக்கூட டாக்டர் அனுமதிக்கவில்லை.

"அவ தினமும் அவருக்குக் கஞ்சி ஆத்திக் குடுக்கறா. அவர் வாயே திறக்கலை."

"அவர்தான் என்ன பண்ணுவார், பாவம்! சொன்னா அவ பொறந்தாத்துக்குப் போயிடுவா. அந்த வயசுல அவருக்கு வேற யாரு இருக்கா?"

"அப்படித்தான் இதுலயும் போட்டிருக்கு. 'அவளுக்குத் தெரிய வேண்டாம். என் காலம் முடியட்டும்'னு."

கட்டுக்குள் கண் நனைந்தது. நனையவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். துடைக்கக் கை எழுந்து, பாதியில் நின்றது.

"போறும், நிறுத்து. மனுஷா இப்படியெல்லாமா இருப்பா? யார் இதை எழுதினது?"

தாளை மடிக்கும் சத்தம் கேட்டது.

"நீங்கதான்பா. ஆபரேஷனுக்கு முன்னாடி உங்க பிள்ளைக்குப் போட்ட கடுதாசி, அந்த விலாசத்துல ஆள் இல்லேன்னு திரும்பி வந்துடுத்து."