மாமா அனன்யா

“மாமா அனன்யா!”

வளைகுடாவில், புஜைராவின் அந்தப் பெரிய கடை வாசலில், தள்ளுவண்டியை உள்ளே திருப்பப்போன பத்மாவின் கை அப்படியே நின்றது.

ஐந்து வருடமாக அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

ஆப்பிரிக்காவில், கம்பாலாவில் ஒருத்திக்குக் குழந்தை பிறந்துவிட்டால் அதோடு அவள் சொந்தப் பெயர் போய், பிள்ளையின் பெயர் வந்துவிடும். அங்கே ‘மாமா’ என்றால் அம்மா. காய்கறிக்காரி, கேட் காவலாளி, எதிர்வீட்டு டீச்சர் எல்லோருக்கும் பத்மா ‘மாமா அனன்யா’தான். அவள் கணவன் ரகுநாதன் அங்கே இரும்பாலையில் வேலை பார்த்த காலமெல்லாம், கரண்ட் போன சாயங்காலங்களிலும் செம்மண் குழம்பிய மழை நாட்களிலும், அவள் அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்த்தாள்.

இப்போதும் திரும்பிவிட்டாள்.

நீலச் சீருடையும் தொப்பியுமாக, கையில் வாக்கிடாக்கியோடு ஒரு செக்யூரிட்டிப் பெண் ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தாள். ரொம்ப இளைத்திருந்தாள். ஆனால் முன்பல் சந்து தெரிய அப்படிச் சிரிக்க ஃபுளோரன்ஸால் மட்டும்தான் முடியும்.

கம்பாலா வீட்டில் துணி துவைத்து, வாழைக்காய் வேகவைத்து, அனன்யாவை முதுகில் துணியால் கட்டிக்கொண்டே வீடு பெருக்கிய ஃபுளோரன்ஸ். அனன்யா முதன்முதலாகப் பேசியதே அவளுடைய லுகாண்டா மொழியில்தான். இவர்கள் அந்த ஊரை விட்டுக் கிளம்பிய அன்று, வழியனுப்ப வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு, கார் திரும்பும்வரை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள்.

வந்தவள் பத்மாவைத் தாண்டி அவள் மகளிடம் குனிந்தாள். அனன்யாவின் முகத்தை இரண்டு கையிலும் ஏந்தி, தன் மொழியில் ஏதோ சொன்னாள். பத்மாவுக்குப் புரிந்தது. ‘என் மகளே’ என்றாள்.

ஒன்பது வயது அனன்யாவுக்குப் புரியவில்லை. ஆனாலும் அவள் முகத்தை இழுத்துக்கொள்ளவில்லை. யாரென்று தெரியாமலே சிரித்தாள்.

பக்கத்தில் நின்ற நாகவள்ளி சட்டென்று பிள்ளையின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். ரகுநாதனின் அக்கா. விசிட் விசாவில் திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்தாள்.

“யாரு பத்மா இவ? உனக்குத் தெரிஞ்சவளா?”

‘எங்க வீட்ல இருந்தவங்க, அண்ணி.’ அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. நாக்கு நுனிவரை வந்தது.

ஆனால் நாகவள்ளி ஒரு பதிலோடு விடுகிறவள் இல்லை. என்ன வேலை செய்தாள், எத்தனை வருஷம் இருந்தாள், பிள்ளையை எப்போதிலிருந்து தூக்கினாள் என்று நூல் பிடித்துக்கொண்டே போவாள்.

“தெரியாது அண்ணி. வேற யாரோன்னு நெனச்சுட்டா போல.”

அதைத் தமிழில் சொன்னதோடு விட்டிருக்கலாம். அவள் ஃபுளோரன்ஸின் பக்கம் திரும்பி, முகத்துக்கு நேராக ஆங்கிலத்திலும் சொன்னாள். “சாரி. உங்களை எனக்குத் தெரியாது.”

ஃபுளோரன்ஸின் கை அனன்யாவின் கன்னத்திலேயே இருந்தது. அவள் பத்மாவைப் பார்த்தாள். பிறகு நாகவள்ளியின் பட்டுக்கரைச் சேலையையும், பிள்ளையின் தோளை இறுக்கியிருந்த விரல்களையும் பார்த்தாள்.

கத்திவிட்டால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது பத்மாவுக்கு.

ஃபுளோரன்ஸ் கைகளை எடுத்துக்கொண்டாள். நிமிர்ந்து தொப்பியைச் சரிசெய்தாள்.

“மன்னிக்கணும், மேடம்,” என்றாள் ஆங்கிலத்தில். “எனக்கு இந்தியர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் தெரியறாங்க.”

சொல்லிவிட்டு லேசாகச் சிரிக்கவும் செய்தாள். பத்மா சொன்ன பொய்யை வாங்கித் தன் தலையில் போட்டுக்கொண்டு வாசலுக்குத் திரும்பி நடந்தாள்.

“என்ன சொல்லிட்டுப் போறா?” என்றாள் நாகவள்ளி. அதையும் பத்மாதான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.

“நல்லா இருக்கே! நம்மளப் பாத்து இவ சொல்றாளா?” நாகவள்ளி வாய்விட்டுச் சிரித்தாள்.

கூடவே பத்மாவும் சிரித்தாள். அந்தச் சத்தம் அவள் காதிலேயே விழுந்தது.

உள்ளே எதை எடுத்தாள், எதை வண்டியில் போட்டாள் என்று அவளுக்குத் தெரியாது. பில் போடும் வரிசையில் நின்றபோது, தயிர் மறந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடினாள். அங்கே ஒரு நேபாளிப் பையன் காவலுக்கு நின்றான். அந்த அக்கா பின்பக்க கேட்டுக்கு டியூட்டி மாற்றிக் கேட்டுப் போய்விட்டாள் என்றான்.

முதலில் வந்தது நிம்மதி. அந்த நிம்மதிதான் அவளைச் சுட்டது. பின்பக்க கேட் ஒன்றும் தூரமில்லை. அவள் தயிரை எடுத்துக்கொண்டு வரிசைக்குத் திரும்பினாள்.

காரில் ஏறியதும் நாகவள்ளி, “அவ தொட்ட மூஞ்சியத் தொடச்சு விடணும்” என்றாள். கைப்பையிலிருந்து ஈர டிஷ்யூவை எடுத்துக் கொடுத்தது பத்மாதான்.

கார் கடற்கரைச் சாலைக்கு வந்தது. பின்சீட்டில் நாகவள்ளி, துடைத்த கன்னத்தைச் செல்லமாகக் கிள்ளினாள்.

“என்ன இருந்தாலும் அந்த ஊர்ல பொறந்தும் பிள்ளைக்கு ஒரு நோய் நொடி இல்ல. எம் பேரனுக்கு எல்லாம் டப்பாப் பால், மாசத்துல பாதி நாளு ஆஸ்பத்திரி. இவ தாய்ப்பால் குடிச்சு வளந்தவ. அந்தத் தெம்பே தனி.”

ஓட்டிக்கொண்டிருந்த பத்மா வேகத்தைக் குறைத்தாள்.

அனன்யா பிறந்ததும் பத்மாவுக்கு வந்த காய்ச்சல் வாரக்கணக்கில் இறங்கவில்லை. ஒரு சொட்டுப் பால் சுரக்கவில்லை. டப்பாப் பாலைப் பிள்ளை கக்கிக்கொண்டே இருந்தது. கைக்குழந்தையோடு துணி துவைக்க வந்துகொண்டிருந்த ஃபுளோரன்ஸ்தான், யாரும் கேட்காமலே பிள்ளையை வாங்கக் கையை நீட்டினாள். ரகுநாதன் முதலில் அவளை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனான். எதற்கென்று அவளுக்குத் தெரியும். ஒன்றும் சொல்லாமல் சட்டைக் கையை மடித்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் மடியில் ஒரு பக்கம் அவள் மகன், இன்னொரு பக்கம் அனன்யா.

திண்டுக்கல்லுக்குப் போனில் சொன்னது வேறு.

“என்ன பத்மா, பேச்சையே காணோம். நான் சொல்றது சரிதானே?”

கண்ணாடியில் மகளின் முகம் தெரிந்தது. பத்மா சாலையைப் பார்த்தாள்.

“ஆமா அண்ணி.”