சுற்றும் சக்கரம்

துவாக்குடித் தொழிற்சாலையில் மணி இரண்டு ஐம்பத்தைந்து. மூன்றுக்குள் டெண்டர் போகாவிட்டால் ஆர்டர் கைநழுவும். அதற்கான வரைபடமோ கொள்முதல் மேலாளர் ராமானுஜத்தின் மெயிலுக்குள் கிடக்கிறது. பதினாறு வருஷமாக ஒரு மெயிலைக்கூட அழிக்காத மனிதர். சமயபுரம் தேர்க்கூட்டமே அந்த இன்பாக்ஸைப் பார்த்தால் வழிவிட்டு ஒதுங்கும். லாகின் செய்தால் சர்வர் அத்தனையையும் எண்ணி முடித்த பிறகுதான் கதவு திறக்கிறது. வெளியே வானம் கறுத்து இறங்கியிருக்கிறது. சர்வர் அறையில் கணினிப் பிரிவின் அனுபமா அவருடைய பழைய மெயில்களை வேறு ஃபோல்டருக்கு நகர்த்துகிறாள். சர்வரின் விசிறி, மலைக்கோட்டையையே பெயர்த்துக்கொண்டு பறக்கப்போவதுபோல் இரைகிறது. “திரும்பத் திரும்ப லாகின் அழுத்தாதீங்க சார், முதல்லேர்ந்து எண்ணும்.” பின்னால் நிற்கும் ராமானுஜம் இரண்டு கையையும் தூக்கிக் காட்டுகிறார். “நான் தொடவே இல்லம்மா.” இரைச்சல் இன்னும் ஏறுகிறது. “அப்ப யாரு சார்?” “பாஸ்வேர்டு நம்ம செக்‌ஷனுக்கே தெரியுமே. பாவம், எல்லாரும் எனக்காக முயற்சி பண்றா.” அனுபமா மெல்லத் திரும்புகிறாள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஆறு தலைகள் குனிந்திருக்கின்றன. ஆறு திரைகளிலும் ராமானுஜத்தின் லாகின் திறக்கக் காத்து அதே சக்கரம் சுற்றுகிறது. இரண்டு ஐம்பத்தெட்டு. அவள் வாயெடுப்பதற்குள் வாசலில் கிளார்க் நல்லுசாமி போனை உயர்த்திச் சிரிக்கிறார். “கவலைய விடுங்க சார், நானும் போன்ல உங்க லாகினைப் போட்டுட்டேன்!” சர்வரின் விளக்குகள் அணைய, விசிறியின் இரைச்சல் சட்டென்று நின்றுபோகிறது.