அலை கேட்காத வீடு

அவள் திடுக்கிட்டு எழுந்தாள். கடல் சத்தமே கேட்கவில்லை.

கடற்கரையில் பிறந்தவர்களுக்கு அலை இரைந்தால் பயமில்லை. அடங்கினால்தான் பயம். கடல் உள்வாங்குகிறது என்று அர்த்தம். ஓட வேண்டும்.

பக்கத்தில் படுத்திருந்த மகளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

படிக்கட்டு வந்தது. மளமளவென்று இறங்கினாள். தரைக்கு வந்து மூச்சு வாங்கிய பிறகுதான் மத்தியான வெயிலும், வரிசையாக நின்ற பைக்குகளும் கண்ணில் பட்டன.

இது அக்கா குடியிருக்கும் கட்டடம். கடலுக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும்.

மேலே ஜன்னலில் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. இப்படி அசந்து தூங்கி எத்தனை மழைக்காலம் ஆயிற்று. போன வருஷம் பக்கத்து வீட்டைக் கடல் கொண்டுபோனது. இப்போது கடலுக்கு முதல் வீடு அவளுடையதுதான்.

கரையோரத்து ஆட்களுக்கென்று அரசாங்கம் கட்டிய இந்தக் கட்டடத்தில் அவளுக்கும் ஒரு வீடு ஒதுக்கியிருக்கிறார்கள். காலையில் போய்ப் பார்த்தாள். குழாயைத் திறந்து மூடினாள். சுவரைத் தடவினாள். ஈரமில்லை. ஆசையாக இருந்தது, வாய்விட்டுச் சொல்ல முடியாத ஆசை.

ஆனால் படகு கரைக்கு வருவது விடிவதற்கு முன்னால். இங்கிருந்து முதல் பஸ் கிளம்புவது விடிந்த பிறகு. அதிலும் மீன்கூடையைக் கண்டால் கண்டக்டர் விசில் ஊதிவிடுவார். இங்கே வந்து சுவரையா தின்பது?

பிள்ளையையாவது விட்டுவிட்டுப் போ என்று அக்கா ரொம்ப நாளாகக் கேட்கிறாள். பேச்சு எப்போதும் சண்டையில்தான் முடியும். பெற்றவள் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது என் பிள்ளை ஏன் அடுத்த வீட்டில் வளர வேண்டும் என்பாள்.

மாடியேறி வந்து மகளைப் பாயில் கிடத்தினாள். அத்தனை ஓட்டத்திலும் அது கண்ணைத் திறக்கவில்லை. வாய் பிளந்து, கைகால் பரப்பித் தூங்கியது. அங்கே ஒருநாளும் இப்படித் தூங்கியதில்லை.

பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு பையிலிருந்து மகளின் மாற்றுத்துணிகளை எடுத்துக் கொடியில் போட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டாள்.

“பாப்பாவ எழுப்பாதக்கா. மழ முடிஞ்சதும் வந்து கூட்டினு போறேன்.”

எந்த வருஷத்து மழை என்று அக்கா கேட்கவில்லை.