அமைதியாக இருந்த அறை

தட்டுவதை நிறுத்துங்கள் என்று சொன்னவள் அவள்தான்.

அதுவரை பெண்கள் எல்லோரும் அலுமினியத் தட்டுகளால் கம்பிக் கதவை அடித்துக்கொண்டிருந்தார்கள். கிளைச் சிறையில் பெண்களுக்கென்று இருந்தது அந்த ஓர் அறைதான். அதன் மூலையில் சந்தனமேரி சுவருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்கள் காதுவரை ஏறி இறங்கின.

இழுப்பு வந்தால் மேரி உறிஞ்சும் இன்ஹேலர் முன்வாசல் அறையில் இருந்தது. உள்ளே வந்த அன்று துணிப்பையோடு அதையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

சத்தம் கேட்டு வார்டர் ஜெயசுதா வந்தாள். தட்டிக்கொண்டிருந்தவர்களில் அவளை மட்டும் கம்பியோரம் கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

"இப்பிடி அடிச்சா பெரிய மேடம் கோவத்துல ஒண்ணும் தர மாட்டாங்க. எல்லாரையும் பேசாம இருக்கச் சொல்லுட்டி. மருந்த நானே எடுத்துட்டு வாரேன்."

அவள் நம்பினாள்.

பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒரே பெஞ்சு. ஜெயசுதாவின் கல்யாணத்துக்கு முதல் நாளே போய்ப் பூக்கட்டியவள் அவள். வேலை பார்த்த வீட்டில் வளையல் காணோம் என்று அவளை இங்கே கொண்டுவந்து அடைத்தபோது, கிழியாத பாயாகத் தேடிக் கொடுத்து, "நான் இருக்கேம்லா, பயப்படாத" என்று சொன்னவள் ஜெயசுதா.

அவள் மற்றவர்களிடம் திரும்பினாள்.

"தட்டக் கீழ வைங்க. அவ என் கூடப் படிச்சவ. சொன்னா செய்வா."

வைத்தார்கள்.

மேரியின் இழுப்பு மட்டும் கேட்டது. அவள் மேரியைத் தன்மேல் சாய்த்துக்கொண்டு முதுகைத் தடவினாள். வந்துருவா, வந்துருவா என்றாள்.

ஆபீஸ் பக்கம் யாரோ சிரித்தார்கள். ஜன்னல் வெயில் சுவரை விட்டு இறங்கித் தரைக்கு வந்தது.

ஒருத்தி மறுபடியும் தட்டைக் கையில் எடுத்தாள். கொஞ்சம் பொறு என்று அந்தக் கையைப் பிடித்து நிறுத்தியவளும் அவள்தான்.

இழுப்பு நின்றது.

தூங்கிவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தாள்.

மறுநாள் மேரியின் சாவை விசாரிக்க மாஜிஸ்திரேட் வந்தார். பெண்களைச் சுவரோரம் உட்கார வைத்தார்கள்.

"அந்தம்மாவுக்கு முடியலன்னு யாராவது உங்களக் கூப்பிட்டாங்களா?"

ஜெயசுதா விறைப்பாக நின்றாள்.

"இல்லங்கய்யா. மொதல்ல கொஞ்சம் தட்டுச் சத்தம். சோத்துக்குச் சண்டைன்னு நெனச்சேன். வந்து அதட்டுனதும் அடங்கிட்டாங்க. பொறவு ரூம் அமைதியாத்தான் இருந்துச்சு."

அவர் பெண்கள் பக்கம் திரும்பினார்.

"அமைதியா இருந்தீங்களா?"

வயதான ஒருத்தி எழுந்தாள்.

"இருந்தோம்யா. இவ தட்டாதீங்கன்னா."

அவளும் எழுந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"மருந்து எடுத்துட்டு வாரேன்னு சொன்னாய்யா. அதனாலதான்."

"அவங்க சொன்னது வேற யாருக்காவது கேட்டுச்சா?"

யாருக்கும் கேட்டிருக்கவில்லை.

மாஜிஸ்திரேட் ஜெயசுதாவைப் பார்த்தார். "இவங்கள உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

ஜெயசுதா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"இங்க வந்த பொறவுதான்யா தெரியும்."

அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அவளோடு யாரும் பேசவில்லை. பக்கத்தில் படுக்கிறவள் தன் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மறுகோடிக்குப் போனாள்.

சாயங்காலம் பூட்ட வந்தபோது ஜெயசுதா தனியாக வந்தாள். சாவி பூட்டில் இருந்தது. திருப்பவில்லை.

"பெரிய மேடம் மருந்தத் தர மாட்டேன்னுட்டாங்க. நான் என்ன செய்ய? வேல போயிருமுல்லா." குரல் உடைந்தது. "ஏட்டி, என்னயப் பாரு."

அவள் பாயிலிருந்து எழுந்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டாள். தலை எண்ண வரும்போது கைதிகள் நிற்பதுபோல், கைகளைத் தொங்கவிட்டு நேராக நின்றாள்.

"சொல்லுங்க மேடம்."