பதினாறாவது இடம்

ஒரு கல்லூரி விளையாட்டு அறையில் ஒரு டஸ்டரும், டப்பாவில் கடைசியாய் மிஞ்சிய ஒரு சாக்பீசும் இருந்தன. கூடைப்பந்துப் போட்டிக்கு எந்தப் பதினாறு கல்லூரிகளைக் கூப்பிடுவார்கள், யாரை எத்தனையாவது இடத்தில் வைப்பார்கள் என்று சாக்பீஸ் தினமும் கரும்பலகையில் ஊகித்து எழுதும். மறுநாள் ஏதாவது ஆட்டத்தில் ஒரு கல்லூரி தோற்றால் எல்லாம் மாறிவிடும். டஸ்டர்தான் முழுசையும் துடைக்கவேண்டும்.

“இன்னிக்கு நாம பன்னெண்டாவதுண்ணே,” என்றது சாக்பீஸ்.

“முந்தாநாள் ஒன்பதுன்னு சொன்னே. நேத்து பட்டியல்லயே இல்லேன்னு சொன்னே. எனக்குத் தோள் விட்டுப்போச்சுடா. வெள்ளிக்கிழமை போட்டி நடத்துறவங்களே சொல்லிடுவாங்க. ஆறு வருசமா நம்மளக் கூப்பிடல. கூப்பிட்டா, பேரை எழுதவாவது கொஞ்சம் மிச்சம் இரு.”

“இன்னும் ஒரே ஒரு தடவைண்ணே.”

வெள்ளிக்கிழமை பட்டியல் வந்தது. அவர்கள் கல்லூரியும் இருந்தது, கடைசி இடத்தில். நகத்தளவு மிஞ்சியிருந்த சாக்பீஸ் முதலிடத்திலிருந்து எழுதிக்கொண்டே வந்தது. பதினைந்தாவது பெயரின் கடைசி எழுத்தோடு தீர்ந்துபோனது.

டஸ்டர் மெல்ல எழுந்து, இத்தனை நாள் துடைத்த தூளெல்லாம் அப்பியிருந்த தன் முகத்தைப் பதினாறாவது இடத்தில் ஒருமுறை அழுத்தி எடுத்தது.